அடிநாதமாய் நின்றவர்

மேலைநாட்டுப் பெரும் இசைக்குழு ஒன்று மேடையில் அமர்ந்திருக்கும் படத்தை நம் வாசகர்களுள் பலர் பார்த்திருக்கக்கூடும். ஏறத்தாழ நூறு பேர் அரைவட்டமாக அமர்ந்திருப்பர். முன்வரிசைகளில் வயலின்களும் அவற்றின் இனக் கருவிகளும், நடுவில் குழல் வகைகளும், அவற்றுக்குப் பின்னே பளபளக்கும் பித்தளைக் கருவிகளும் அணிவகுத்திருக்கும். காண்போர் கண்கள் இயல்பாகவே நடத்துநரையும் முதல் வயலினையும் நாடிச் செல்லும். பின்வரிசையின் ஓரத்தில், டியூபா எனும் பெருங்கருவிக்கு அடுத்தாற்போல், ஒருவர் நிகழ்ச்சியின் பெரும்பகுதி நேரம் தம் கருவியைத் தாங்கிக்கொண்டு வாளாவிருப்பார். அவர்தாம் பேஸ் டிராம்போன் வாசிப்பவர். வயலினுக்கு முப்பது பேர் இருப்பர். பேஸ் டிராம்போனுக்கு ஒருவரே.

அத்தகைய ஒருவருடைய வாழ்வைக் குறித்து இம்மாதம் நம் வாசகர்களோடு எண்ணிப் பார்க்க விழைகிறோம். அவர் பெயர் எட்வர்ட் கிளைன்ஹாமர். அமெரிக்க நாட்டின் சிகாகோ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் 1940-ஆம் ஆண்டு முதல் 1985-ஆம் ஆண்டு வரை பேஸ் டிராம்போன் வாசித்தவர். தம் கலையைப் பலருக்குக் கற்பித்த ஆசிரியர். இசையுலகத்திற்கு வெளியே அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. அதனாலேயே அவரைத் தேர்ந்துகொண்டோம்.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது கூறிவிடுதல் நலம். டிராம்போன் என்பது 15-ஆம் நூற்றாண்டிலேயே உருப்பெற்ற பித்தளைக் கருவி. ஏறத்தாழ 9 அடி நீளமுள்ள குழாயை மடித்துச் செய்யப்பட்டது. அதன் ஒரு பகுதி ஒன்றினுள் ஒன்று செருகப்பட்டு முன்னும் பின்னும் நகரும். வாசிப்பவர் அப்பகுதியைக் கையால் நீட்டியும் சுருக்கியும் குழாயின் நீளத்தை மாற்றுகிறார். குழாய் நீண்டால் ஒலி தாழும், சுருங்கினால் உயரும். இவ்வாறு ஏழு நிலைகள் உள. ஆனால் அந்த ஏழு நிலைகளுக்கும் கருவியின்மேல் எந்த அடையாளமும் இல்லை. வீணையில் மெட்டுகள் உண்டு. ஆர்மோனியத்தில் கட்டைகள் உண்டு. டிராம்போனிலோ காதுதான் வழிகாட்டி. ஒரு விரற்கடை தவறினாலும் சுருதி பிசகும். அதிலும் பேஸ் டிராம்போன் அகன்ற குழாயும் பெரிய வாயும் உடையதாதலால், தாழ்ந்த ஒலிகளை எழுப்புவதற்கு மூச்சு மிகுதியாக வேண்டும்.

இக்கருவிக்கும் திருக்கோவிலுக்கும் உள்ள உறவு மிகப் பழைமையானது. வெனிசு நகரின் புனித மாற்கு பேராலயத்தில் இசைப்பணி புரிந்த ஜொவான்னி கபிரியேலி 1597-இல் வெளியிட்ட புனித இசைத் தொகுப்பில் டிராம்போன்களுக்கென்றே தனிப்பகுதிகள் குறிக்கப்பட்டுள்ளன. ஜெர்மானியரான ஐன்ரிக் சூட்சு என்பார், மகன் அப்சலோமை இழந்த தாவீது அரசரின் புலம்பலைத் தாழ்குரல் ஒன்றுக்கும் நான்கு டிராம்போன்களுக்குமாக அமைத்து 1629-இல் வெளியிட்டார். தந்தையின் துயரத்தைத் தாங்குவதற்கு அவர் தேர்ந்த கருவி இதுவே. 1812-இல் பீத்தோவன் லின்சு நகரில் தங்கியிருந்தபோது, அந்நகரப் பேராலயத்தின் இசைப்பொறுப்பாளர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, இறந்த விசுவாசிகளின் நினைவுநாளுக்காக நான்கு டிராம்போன்களுக்கு மட்டுமேயான மூன்று சிறு இசைத்துண்டுகளை எழுதிக் கொடுத்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1827-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவருடைய அடக்கச் சடங்கிலேயே அவை ஒலித்தன.

சால்சுபர்க், வியன்னா ஆகிய நகரங்களின் ஆலயங்களில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பாடற்குழுவின் ஆல்ட்டோ, டெனர், பேஸ் ஆகிய மூன்று குரல்களோடும் ஒவ்வொரு டிராம்போன் சேர்ந்து ஒலிக்கும். பாடுவோர் தளராதிருக்கவும் சுருதி இறங்காதிருக்கவும் அது துணை செய்யும். மொசார்ட் 1791-இல் எழுதி முடிக்காமலேயே இறந்துபோன இறந்தோர் திருப்பலி இசையில் இவ்வழக்கத்தைக் காணலாம். அதில் இறுதித் தீர்ப்பின் எக்காளத்தைக் குறிக்கும் பகுதியில் டிராம்போன் தனித்து ஒலிப்பதை எல்லாரும் அறிவர். ஆனால் ஏனைய பகுதிகளில், பாடுவோரின் கீழ்க்குரலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கைகொடுத்து நிற்கும் பேஸ் டிராம்போனை யாரும் தனியே கேட்பதில்லை. அது இல்லாவிடில்தான் தெரியும்.

குருமடத்தில் பயின்ற நாள்களில் பாடற்குழுவில் நமக்கு வாய்த்தது பேஸ் குரல். மேற்குரல் பாடிய நண்பர்கள் இராகத்தை எங்கும் முணுமுணுத்துக்கொண்டு திரிவர். நாமோ ஒரே சுரத்தை நான்கு தாளம் நீட்டி, இரண்டு தாளம் நிறுத்தி, மறுபடி அதே சுரத்துக்குத் திரும்புவோம். தனியே பாடிக் காட்டினால் அது பாட்டென்றே ஒருவரும் கொள்ளார். பயிற்சி கொடுத்த தந்தை ஒருநாள் பேஸ் குரலினரை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவர்களைப் பாடச் சொன்னார். பாட்டு இருந்தது; ஆயினும் அடித்தளம் எடுத்துவிட்ட வீடு போல் அது அந்தரத்தில் ஆடிற்று. நம் குரல்கள் மறுபடி சேர்ந்தபோது மேற்குரலினர் திரும்பிப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கிறது. பிற்காலத்தில் கிளைன்ஹாமரைப் பற்றி வாசித்தபோது அவர்பால் நம் மனம் ஈர்க்கப்பட்டதற்கு இதுவே காரணம் போலும்.

கிளைன்ஹாமர் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் சிகாகோ நகரிலேயே பிறந்தார். பத்து வயதில் வயலின் கற்கத் தொடங்கி, பதினான்கு வயதில் டிராம்போனை எடுத்தார். சிகாகோ ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இளைஞர்களைப் பயிற்றுவிக்கும் சிவிக் ஆர்க்கெஸ்ட்ராவில் இரண்டாண்டுகள் இருந்தார். 1940-இல் அந்நாளைய நடத்துநர் பிரெடரிக் ஸ்டாக் அவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 21. இரண்டாம் உலகப் போரின் நடுவில் சில ஆண்டுகள் படைப்பணியில் கழிந்தன. அது நீங்கலாக 45 ஆண்டுகள் ஒரே நகரில், ஒரே மண்டபத்தில், ஒரே நாற்காலியில் அமர்ந்து வாசித்தார்.

அந்த 45 ஆண்டுகளில் நடத்துநர்கள் எத்தனையோ பேர் மாறினர். ஸ்டாக் 1942-இல் மறைந்தார். அவருக்குப் பின் டெஃபோ, ரொட்சின்ஸ்கி, கூபெலிக் ஆகியோர் வந்தனர். 1953-இல் ஃபிரிட்சு ரைனர் வந்தார், 1963-இல் மார்ட்டினோன், 1969-இல் சொல்ட்டி. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமான ஒலியை விரும்பினர். ரைனர் கண்டிப்புக்குப் பெயர் போனவர். அவருடைய கோல் அசைவது மிகச் சிறிதாகவே இருக்கும். பின்வரிசையில் இருப்போர் கண்ணிமைக்காமல் பார்த்திருக்க வேண்டும். பங்கில் பணியாற்றும் குருக்கள் மாறிக்கொண்டேயிருக்க, மணியடிப்பவரும் பீடப்பணி பார்ப்பவரும் ஆண்டாண்டுகளாக அங்கேயே இருந்து ஒவ்வொரு குருவின் முறைமையையும் கற்றுக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். ஆலயத்தின் தொடர்ச்சி உண்மையில் அவர்களிடமே இருக்கிறது. ஓர் இசைக்குழுவின் தொடர்ச்சியும் அவ்வாறே. சிகாகோ குழுவின் பித்தளைப் பிரிவு உலகப் புகழ் பெற்றமைக்கு எந்த ஒரு நடத்துநரையும் மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. எக்காள வரிசையின் தலைவர் அடால்ஃப் ஹெர்செத் 1948 முதல் 2001 வரை அங்கே இருந்தார். டியூபா வாசித்த ஆர்னால்டு ஜேக்கப்சு 1944 முதல் 1988 வரை இருந்தார். இந்த ஜேக்கப்சும் கிளைன்ஹாமரும் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அருகருகே அமர்ந்து தம் மூச்சை ஒன்றாக்கினர். நாற்பதாண்டுகள் ஒருவர் அருகில் ஒருவர் ஒரே அளவில் மூச்செடுத்து வாழ்ந்த தம்பதியர்கூட அரிது.

அதே வரிசையில் இருந்த மற்றொருவரையும் குறிப்பிட வேண்டும். ஃபிராங்க் கிரிசஃபுல்லி என்பவர் 1939 முதல் 1955 வரை முதல் டிராம்போன் வாசித்தார். 1955-இல் இரண்டாம் டிராம்போன் இடத்துக்கு மாறினார். அதன்பின் விலகிப்போகவில்லை, 1989 வரை 34 ஆண்டுகள் இரண்டாம் இடத்திலேயே வாசித்தார். நாற்காலி ஒன்று இடம் மாறினால் ஊர்த் திருவிழாக் குழுவே இரண்டாகப் பிளந்துபோவதை அறிந்த நமக்கு, இச்செய்தி சற்று நின்று சிந்திக்கத் தக்கது.

இனி, பேஸ் டிராம்போன் வாசிப்பவரின் வேலை எத்தகையது எனக் காண்போம். அதன் பெரும்பகுதி காத்திருத்தல். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி 1808-இல் அரங்கேறியது. அதில் டிராம்போன்கள் முதல் மூன்று பகுதிகளிலும் ஒரு சுரம்கூட வாசிப்பதில்லை. நான்காம் பகுதி தொடங்கும்போதுதான் முழங்குகின்றன. பிராம்சின் முதல் சிம்பொனியும் (1876) அத்தகையதே. ஏறத்தாழ அரைமணி நேரம் வாசிப்பவர் அசையாது அமர்ந்திருக்க வேண்டும். உதடு குளிர்ந்துபோகும், கருவியின் பித்தளையும் குளிர்ந்துபோகும். குளிர்ந்த கருவியில் சுருதி இறங்கும். அந்நிலையில், நான்காம் பகுதியின் முகப்பில், ஆலயப் பாடல் போன்ற அமைதியான இசைத்தொடர் ஒன்றை மூன்று டிராம்போன்களும் மிக மென்மையாக எடுக்க வேண்டும். பலத்த ஒலியில் சிறு பிழை மறைந்துபோகும், மென்மையில் மறையாது. அரைமணி நேரக் காத்திருப்பின் பயன் அந்தச் சில நொடிகளில் அடங்கியிருக்கிறது. காத்திருந்த நேரம் ஓய்வு நேரமன்று. இசையை உள்ளத்தில் எண்ணிக்கொண்டு, மற்றவர் ஒலியைக் காதால் பின்தொடர்ந்து, தம் முறை வரும்போது ஆயத்தமாக இருக்கும் உழைப்பு அது.

அவர் வாசிக்கும்போதும் பெரும்பாலும் இராகம் அவருடையதன்று. பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் கூட்டில் அடிச்சுரம் அவருடையது. மேலே ஒலிக்கும் சுரங்கள் எல்லாம் அதன்மேல் தம்மைப் பொருத்திக்கொள்கின்றன. அடிச்சுரம் இம்மியளவு நடுங்கினால் மேலுள்ளவை அனைத்தும் தடுமாறும். ஆனால் கேட்போர் குறை காண்பது மேலுள்ளவர்களிடமே. நம் நாட்டில் நாதசுவரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவர் ஒருவர் இருப்பார். ஓயாது ஒரே சுருதியை ஊதுவார். ஊர்வலம் முடிந்ததும் மாலை விழுவது நாதசுவர வித்துவான் கழுத்தில். பேஸ் டிராம்போனின் பகுதி அவ்வாறு ஒரே சுரமாக நிற்பதன்று, மாறிக்கொண்டே செல்வது. எனினும் மதிப்பு வழங்கப்படும் முறையில் இரண்டுக்கும் வேறுபாடில்லை.

சில காலத்துக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தந்தை நம்மிடம் வந்து முறையிட்டார். அவருடைய மகள் பாடற்குழுவில் சேர்ந்திருந்தாள். அவளை இரண்டாங்குரலில் நிறுத்திவிட்டார்களாம். “எம்பொண்ணு நல்லாப் பாடும் சாமி. அதைப் போயி அந்தக் கீழ்க்குரல்ல நிக்க வச்சிட்டாங்க. கோயில்ல ஒருத்தர் காதுலகூட அது குரல் விழலையே!” என்றார். நாம் அவரை அமரச் செய்து, நான்கு குரல்கள் சேர்ந்தாலன்றிப் பாடலில்லை என்பதை விளக்கினோம். குருமடத்தில் நமக்கு நேர்ந்ததையும் கூறினோம். பொறுமையாகக் கேட்டார். எழும்போது, “நீங்க சொல்றது சரிதான் சாமி. ஆனா நாலு பேரு பேரைச் சொல்ல வேணாமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. அது தற்பெருமை பிடித்தவரின் கேள்வியன்று. வாழ்நாளெல்லாம் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் உழைத்த ஒருவர், தம் பிள்ளையாவது தெரிய வேண்டுமென்று ஏங்கிக் கேட்ட கேள்வி. இத்தகைய ஏக்கத்துக்கு, “அடக்கமாயிரு” என்று சொல்லிவிடுவது விடையாகாது. அடக்கம் என்ற பெயரால் ஒருவரை மூலையில் நிறுத்தி அவருடைய உழைப்பைச் சுரண்டுதலும் உலகில் உண்டு. ஆகவே கீழ்க்குரலில் நிற்பது உண்மையாகவே மதிப்புள்ள வேலையா, அல்லது மேற்குரலுக்குத் தகுதியில்லாதவர்களை ஆறுதல்படுத்தச் சொல்லும் சொல்லா என்பதை நேர்மையாக ஆராய வேண்டியுள்ளது. கிளைன்ஹாமரின் வாழ்வு இதற்குத் தரும் விடையை நாம் இரண்டு நிகழ்ச்சிகளில் காண்கிறோம்.

முதலாவது கருவியைப் பற்றியது. ஹங்கேரி நாட்டு இசைமேதை பேலா பார்ட்டோக் அமெரிக்காவில் நோயோடும் வறுமையோடும் வாழ்ந்துகொண்டிருந்தபோது, 1943-இல், ஆர்க்கெஸ்ட்ராவுக்கான கச்சேரி என்னும் பெரும் படைப்பை எழுதினார். அதன் நான்காம் பகுதியில் பேஸ் டிராம்போன் மிகத் தாழ்ந்த ஒரு சுரத்திலிருந்து இடைவெளியின்றி வழுக்கி மேலேற வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்நாளில் வழக்கிலிருந்த கருவியில் ஒரே வால்வு இருந்தது. லைப்சிக் நகரின் கருவி செய்வோரான சாட்லர் என்பவர் 1839-இல் கண்டுபிடித்த அமைப்பு அது. அந்த வால்வை அழுத்தினால் குழாயின் நீளம் மேலும் 3 அடியளவு கூடும். குழாய் நீண்டுவிட்டமையால் நிலைகளுக்கிடையே உள்ள தொலைவும் கூடிவிடும். ஏழு நிலைகளுக்குப் பதிலாக ஆறு நிலைகளுக்கே கை எட்டும். பார்ட்டோக் கேட்ட சுரமோ ஏழாம் நிலையில் இருந்தது. கருவியில் இல்லாத சுரத்தை அவர் கேட்டார்.

“இல்லை” என்று சொல்லிவிட்டுப் பக்கத்துச் சுரமொன்றை ஊதிவிட்டுப் போயிருக்கலாம். ஆயிரம் பேரில் எத்தனை பேர் கண்டிருப்பர்? ஆனால் இரண்டாவது வால்வு ஒன்றைப் பொருத்தி அந்த இடைவெளியை நிரப்பும் முயற்சி 1950-களில் வலுப்பெற்றது. இரட்டை வால்வுடைய பேஸ் டிராம்போன் நிலைபெறுவதற்கு உழைத்த முன்னோடிகளுள் கிளைன்ஹாமரும் ஒருவர். பார்ட்டோக்கிடமே பயின்ற ரைனர் 1955-இல் இப்படைப்பைச் சிகாகோ குழுவைக்கொண்டு ஒலிப்பதிவு செய்தார். இன்றளவும் அது சிறந்த பதிவுகளுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. இன்று உலகெங்கும் ஆர்க்கெஸ்ட்ராக்களில் பேஸ் டிராம்போன் வாசிப்போர் பெரும்பாலும் இரட்டை வால்வுக் கருவியையே ஏந்துகின்றனர். எவரும் தனியே கேட்காத ஒரு சுரத்துக்காக ஒருவர் கருவியையே மாற்ற முனைகிறார் என்றால், அந்த வேலையைத் தகுதியில்லாதவர்க்கு ஒதுக்கப்பட்ட மூலையாக அவர் எண்ணவில்லை என்பது தெளிவு.

இரண்டாவது அவருடைய ஆசிரியப் பணியைப் பற்றியது. இங்கே ஒரு கடினமான உண்மையை எதிர்கொள்ள வேண்டும். சிகாகோ குழுவில் பேஸ் டிராம்போனுக்கு இடம் ஒன்றே. அந்த இடம் 1940-இல் நிரம்பியது. மறுபடி காலியானது 1985-இல். ஏனைய பெருநகரக் குழுக்களிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. ஆகவே கிளைன்ஹாமரிடம் பயின்றவர்களுள் பெரும்பாலோர்க்கு அத்தகைய நாற்காலி ஒருபோதும் கிட்டாது என்பதை அவர் அறிந்தே கற்பித்தார். வேலை கிடைக்கும் என்று வாக்களிக்க இயலாத ஒன்றை ஓர் இளைஞனுக்குக் கற்பிப்பது நேர்மையா? பெற்றோர் பலர் இன்று நம்மிடம் கேட்கும் கேள்வியும் இதுதான். “இதைப் படிச்சா என்ன கிடைக்கும் சாமி?” என்கின்றனர்.

1963-இல் கிளைன்ஹாமர் டிராம்போன் வாசிப்பின் கலையைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். மூச்சு, உதட்டமைப்பு, நாக்கசைவு, கையின் நகர்வு, நாள்தோறும் செய்ய வேண்டிய பயிற்சி ஆகியவற்றை முறையாக விளக்கும் நூல் அது. பல தலைமுறை மாணவர் அதைக்கொண்டு பயின்றுள்ளனர். புகழுக்கு வழி சொல்லும் நூலன்று. வேலையைச் சரியாகச் செய்வதற்கு வழி சொல்லும் நூல்.

1970-களில் சிகாகோவுக்கு அருகிலுள்ள வீட்டன் கல்லூரியில் பயின்றுவந்த டக்ளஸ் யோ என்ற இளைஞர் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். படிப்பு முடிந்தவுடன் யோவுக்குப் பெரிய இடம் ஒன்றும் கிடைத்துவிடவில்லை. நியூ ஜெர்சி மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியொன்றில் இசைக்குழு ஆசிரியராக இரண்டாண்டுகள் பணிபுரிந்தார். அவர் கதை அங்கேயே நின்றிருந்தாலும் ஆசிரியரின் உழைப்பு வீணாகியிருக்காது. கிளைன்ஹாமரிடம் கற்றதை அவர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருப்பார். அவர்களுள் ஒருவரும் தொழிலாகக் கொள்ளாவிடினும் காது பண்பட்டவர்களாக வளர்ந்திருப்பர். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1981-இல் பால்ட்டிமோர் சிம்பொனியிலும், 1985-இல் பாஸ்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவிலும் யோ பேஸ் டிராம்போன் வாசிப்பவராகச் சேர்ந்தார். ஆசிரியர் சிகாகோவில் தம் நாற்காலியை விட்டெழுந்த அதே 1985-ஆம் ஆண்டில் மாணவர் பாஸ்டனில் அமர்ந்தார். 27 ஆண்டுகள் அங்கு வாசித்து 2012-இல் ஓய்வு பெற்றார். அதன்பின் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். தாம் பயின்ற வீட்டன் கல்லூரியிலும் பிற்காலத்தில் ஆசிரியரானார்.

யோவைப் பற்றி நம் வாசகர்க்கு உவப்பளிக்கும் இன்னொரு செய்தி உண்டு. பாம்புபோல் வளைந்து நெளிந்த வடிவுடையதால் சர்ப்பம் என்று பெயர் பெற்ற பழைய கருவியொன்றை அவர் பயின்று, மீண்டும் பலர் கேட்கச் செய்தார். மரத்தால் செய்து தோல் போர்த்திய அந்தக் கருவி பிரான்சு நாட்டு ஆலயங்களில் கிரகோரியப் பாடல்களுக்குக் கீழிருந்து துணைசெய்யப் பயன்பட்டது. 1590 அளவில் ஓசேர் நகரப் பேராலயக் குரு எட்மே கியோம் என்பவர் அதனை உருவாக்கினார் என்பது வழிவழிச் செய்தி. கீழ்க்குரலைத் தாங்கும் தொண்டு திருக்கோவிலில் எத்தனை பழையது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஓய்வு பெறும்போது கிளைன்ஹாமருக்கு ஏறத்தாழ 66 வயது. பித்தளைக் கருவி வாசிப்போர்க்கு நுரையீரலும் பல்லும் உதட்டுத் தசையுமே மூலதனம். மூன்றும் வயதோடு தளர்பவை. தளர்ச்சியை மற்றவர் காணும் முன் தாமே கண்டுகொள்ள வேண்டிய தொழில் அது. எழுந்து இடம்விடுவதும் அந்தப் பணியின் ஒரு பகுதியே. 45 ஆண்டுகளில் சிகாகோ குழு அடைந்த பெருமைகளில் அவர் பங்கு கொண்டிருந்தார். கபிரியேலியின் வெனிசு நகர இசையை 1968-இல் ஃபிலடெல்ஃபியா, கிளீவ்லாந்து, சிகாகோ ஆகிய மூன்று குழுக்களின் பித்தளைப் பிரிவினர் ஒன்றுகூடிப் பதிவு செய்தபோது அவரும் இருந்தார். 1971-இல் சொல்ட்டியின் தலைமையில் குழு முதன்முறையாக ஐரோப்பாவுக்குச் சென்று வெற்றியோடு திரும்பியபோது சிகாகோ நகரத் தெருக்களில் காகிதத் துணுக்குகள் மழையெனப் பொழிய வரவேற்பு நிகழ்ந்தது. இவை அனைத்தையும் கண்ட பின்னர், அவர் விஸ்கான்சின் மாநிலத்தின் காடும் ஏரியும் சூழ்ந்த பகுதிக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய நாற்காலியில் 1986-இல் சார்ல்சு வெர்னன் அமர்ந்தார். ஒலி நிற்கவில்லை.

ஆசிரியரின் பணியும் நிற்கவில்லை. 1997-இல், தமக்கு 78 வயது நிறைந்த ஆண்டில், தம் பழைய மாணவர் யோவோடு சேர்ந்து டிராம்போனில் தேர்ச்சி பெறும் வழியைக் குறித்து இன்னொரு நூலை வெளியிட்டார். இருபதாண்டுகளுக்கு முன் எதிரே அமர்ந்து பாடம் கேட்டவர் இப்போது அட்டைமேல் அவரோடு பெயர் பகிர்ந்துகொண்டார். கற்பித்தவரும் கற்றவரும் ஒரு நூலுக்கு இணை ஆசிரியராவதைக் காட்டிலும் ஓர் ஆசிரியருக்கு வேறென்ன பட்டயம் வேண்டும்? கிளைன்ஹாமர் 2013-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், தம் 94-ஆம் வயதில் இறந்தார்.

“நாலு பேரு பேரைச் சொல்ல வேணாமா?” என்ற கேள்விக்கு இவ்வாழ்வு தரும் விடை இதுவெனக் கருதுகிறோம். கீழ்க்குரலில் நிற்பவரின் பெயரை ஊர் சொல்லும் என்று நாம் பொய்யாக வாக்களிக்க முடியாது. ஊர் சொல்லாது. ஆனால் பக்கத்தில் நின்றவர் அறிவார். மேலே நிற்பவர் தம் சுருதியை எதன்மேல் ஊன்றினோம் என்பதை அறிவார். பின்னால் வருபவர் யாரிடம் கற்றோம் என்பதை அறிவார். நாலாயிரம் பேர் ஒரு மாலை சொல்லும் பெயருக்கும், நான்கு பேர் நாற்பது ஆண்டுகள் நெஞ்சில் வைத்திருக்கும் பெயருக்கும் வேறுபாடு உண்டு. அதே வேளையில், மேற்குரலில் நிற்போர்க்கும் பங்கை நடத்துவோர்க்கும் ஒரு கடமை இருக்கிறது. தாங்கி நிற்பவர்களின் பெயரை நாம் அறிந்து வைத்திருக்க வேண்டும். வாய்ப்புள்ள போதெல்லாம் உரக்கச் சொல்ல வேண்டும். அடக்கம் அவர்களுடைய அணிகலன். அவர்களை மறந்துவிடுவதற்கு அது நமக்குச் சாக்காகாது.

நம் இல்லங்களிலும் இத்தகையோர் இருக்கின்றனர். அடுப்படியிலிருந்து குடும்பத்தின் சுருதியைக் காப்பவர் ஒருவர். மூத்த பிள்ளையின் படிப்புக்காகத் தம் படிப்பை நிறுத்திக்கொண்டு, யாரும் அதைப் பற்றிப் பேசாமலேயே நரைத்துப்போன தம்பி ஒருவர். முதியவரின் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருப்பவர் ஒருவர். இந்த மாதம் அவர்களுள் ஒருவருடைய பெயரையேனும் குடும்பச் செபத்துக்குப் பின் எல்லாரும் கேட்கச் சொல்லி நன்றி கூறுங்கள்.

இசையில் நாட்டமுள்ள இளைஞர்க்கு ஒரு சொல். ரைனர் நடத்திய 1955-ஆம் ஆண்டின் அந்தப் பார்ட்டோக் பதிவைத் தேடிக் கேளுங்கள். முதன்முறை கேட்கும்போது வயலின்களையும் எக்காளங்களையும் கேட்பீர்கள். மறுமுறை அவற்றைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டுக் கீழே என்ன நிகழ்கிறது என்று கவனியுங்கள். பழகாத காதுக்கு முதலில் ஒன்றும் புலப்படாது. பொறுமையாக இருந்தால், எல்லாவற்றுக்கும் அடியில், அசையாத தரைபோல், ஒரு மனிதரின் மூச்சு கேட்கும்.